ஷுல்ட்ஸ்: ஊர்த்தலைமை குடும்பப் பெயரான வரலாறு

ஜெர்மனியில் அதிகம் பேர் வைத்திருக்கும் முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் ஷுல்ட்ஸ் ஒன்று. ஷுல்ட்ஸெ, ஷுல்ட்டெ, ஷொல்ட்ஸ், ஷுல்ட்ஹைஸ் என்று அதன் உடன்பிறப்புப் பெயர்களையும் சேர்த்து எண்ணினால் பட்டியலில் இன்னும் மேலே போய்விடும். ஆனால் ‘ஷுல்ட்ஸ் வம்சம்’ என்று ஒன்று கிடையாது. 2021 முதல் 2025 வரை ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்த ஒலாஃப் ஷொல்ட்ஸ், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் ஷுல்ட்ஸ், அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் சார்ல்ஸ் ஷுல்ட்ஸ் ஆகிய மூவரையும் பெயரை மட்டும் வைத்து உறவினராக்க முடியாது. இந்தப் பெயர் ஏதோ ஒரு மூதாதையிடமிருந்து வந்ததல்ல, ஊருக்கு ஒருவர் என்று இருந்த ஒரு பதவியிலிருந்து வந்தது. ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அது தனித்தனியே முளைத்தது.

அந்தப் பதவி பெயரைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பழைய ஜெர்மனில் அதை ‘ஸ்குல்ட்ஹைட்ஸோ’ என்றார்கள். ‘ஸ்குல்ட்’ என்றால் செலுத்தவேண்டிய கடன் அல்லது கடமை, ‘ஹைட்ஸன்’ என்றால் ஏவுதல். கட்டவேண்டியதைக் கட்டச் சொல்லி ஏவுகிறவர் என்று பொருள். இத்தாலியில் குடியேறிய லங்கோபார்டு மக்களின் அரசர் ரோத்தாரி 643இல் தொகுத்த சட்டத்திலேயே இந்த அதிகாரி வந்துவிடுகிறார். தொடக்கத்தில் பெருநிலக் கோமானுக்குக் கீழே இருந்து வரி தண்டுவது, அபராதம் வசூலிப்பது, தீர்ப்பை நிறைவேற்றுவது அவர் வேலை. நாளடைவில் சிறு வழக்குகளைத் தாமே விசாரிக்கும் நீதிமன்றத் தலைவராகவும் ஆனார். குடும்பப் பெயர் வைக்கும் பழக்கம் ஜெர்மன் நிலப்பகுதிகளில் 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை மெல்லப் பரவியது. அப்போது இந்தப் பதவி எந்த வட்டாரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்ததோ, அதன் தடம் பெயரின் வடிவத்தில் பதிந்துவிட்டது.

எல்பெ ஆற்றுக்குக் கிழக்கே

ஷுல்ட்ஸ் என்ற பெயரின் பெரும்பகுதி எல்பெ, ஸாலெ ஆறுகளுக்குக் கிழக்கே உருவானது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை மாக்டெபுர்க் பேராயர்கள், பிராண்டன்பர்க் எல்லைக் கோமான்கள், சிலேசியாவை ஆண்ட போலந்து அரசகுலத்துக் கோமான்கள், பால்டிக் கரையில் ட்யூட்டானிய வீரத்துறவிகள் எனப் பலரும் தங்கள் காடுகளையும் சதுப்புகளையும் விளைநிலமாக்க மேற்கிலிருந்து குடிகளை வரவழைத்தார்கள். அவர்களே ஆள் தேடிப் போகவில்லை. அதற்கு ‘லொகாட்டோர்’ என்ற ஒப்பந்தக்காரர் இருந்தார். அவர் ஃபிளாண்டர்ஸ், சாக்சனி, ஃபிராங்கோனியா போன்ற இடங்களுக்குப் போய்க் குடும்பங்களைத் திரட்டுவார். நிலத்தை அளந்து ‘ஹூஃபெ’ என்ற அலகுகளாகப் பிரித்து, வந்தவர்களை அதில் அமர்த்துவார். ஹூஃபெ எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல. ஃபிளெமிஷ் ஹூஃபெ ஏறத்தாழ 16.8 ஹெக்டேர், அதாவது 42 ஏக்கரை ஒட்டியது. காட்டைத் திருத்திய பகுதிகளில் வழங்கிய ஃபிராங்கோனிய ஹூஃபெ ஏறத்தாழ 24 ஹெக்டேர். காடு அடர்ந்திருந்தால் குடிகளுக்கு வரி விலக்கு ஆண்டுகளும் அதிகம்.

இத்தனை வேலைக்கும் லொகாட்டோருக்குக் கிடைத்த கூலிதான் ஊர்த்தலைமை. அதுவும் ஆயுட்காலத்துக்கு மட்டுமல்ல, வழிவழியாக. 1159இல் மாக்டெபுர்க் பேராயர் விக்மான், ஹாஃபெல் ஆற்றோரத்து வுஸ்டர்விட்ஸ் கிராமத்தில் ஃபிளெமிஷ் குடிகளை அமர்த்த ஹைன்ரிக் என்பவரிடம் பொறுப்புக் கொடுத்தார். ஹைன்ரிக்கே அந்த ஊரின் ஷுல்ட்ஹைஸ் ஆனார். இப்படிப்பட்ட சாசனங்களில் திரும்பத் திரும்ப வரும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஊர் நீதிமன்றத்தில் வசூலாகும் அபராதத்தில் இரண்டு பங்கு நிலவுடைமையாளருக்கு, மூன்றாவது பங்கு ஊர்த்தலைவருக்கு. அதோடு வரியில்லா மானியமாகச் சில ஹூஃபெ நிலம் உண்டு. ட்யூட்டானிய வீரத்துறவிகளின் ஆட்சிப்பகுதியில் இது ஏறத்தாழப் பத்து ஹூஃபெக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைத்தது. பல ஊர்களில் மதுச்சாலையும் மாவு ஆலையும் நடத்தும் உரிமையும் சேர்ந்தே வந்தது.

பொறுப்புகளும் கனமானவை. ஆண்டில் குறித்த நாள்களில் ஊர் நீதிமன்றத்தைக் கூட்டி, ‘ஷெஃபன்’ என்ற ஊர்ச் சான்றோரோடு அமர்ந்து வழக்குக் கேட்கவேண்டும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் போன்ற தவணை நாளில் ஊரின் வரியைத் திரட்டி ஒப்படைக்கவேண்டும். பிராண்டன்பர்க்கில் பல ஊர்த்தலைவர்கள் ஆட்சியாளரின் படைப்பணிக்குக் குதிரையொன்றும் கொடுக்கவேண்டியிருந்தது. பேரரசர் நான்காம் சார்ல்ஸ் 1375இல் பிராண்டன்பர்க்குக்காகத் தயாரிக்கச் செய்த நிலப் பதிவேட்டில் ஊர் ஊராக மொத்த ஹூஃபெ எத்தனை, பாதிரியாருக்கு எத்தனை என்று எழுதியிருக்கிறது. ஊர்த்தலைவரின் மானியமும் பல ஊர்களில் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பெயரின் விளைநிலத்தை நேரில் பார்க்கவேண்டுமென்றால் அந்த ஏடுதான் சிறந்த இடம்.

ஊருக்கு ஒரே ஒரு தலைவர்தான் என்றால் இந்தப் பெயர் எப்படி இத்தனை பெருகியது? பதவியில் இருந்தவருக்குத் தம் ஊருக்குள் குடும்பப் பெயர் தேவையே இல்லை, அவர் ‘ஊர்த்தலைவர்’ அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் பதவி கிடைக்காத பிள்ளைகளிடம்தான். தலைமைப் பண்ணையை ஒரு மகன் பெற்றதும் மற்றவர்கள் அடுத்த ஊரில் பெண் எடுத்தார்கள், நகரத்துக்குத் தொழில் கற்கப் போனார்கள். போன இடத்தில் ஏற்கெனவே பத்து ஹான்ஸ் இருந்தார்கள், ஆறு நிக்கெல் இருந்தார்கள். ‘ஊர்த்தலைவர் வீட்டு ஹான்ஸ்’ என்ற அடையாளம் அங்கே பதிவேட்டில் ஏறியது. ஆகவே ஷுல்ட்ஸ் என்ற பெயர் உள்ளவரின் நேர் மூதாதை ஊரை ஆண்டார் என்று உடனே முடிவுகட்டுவது தவறு. ஆண்டவரின் தம்பியாகவோ, தலைமைப் பண்ணையை வெறும் குத்தகைக்கு எடுத்தவராகவோ இருக்கலாம். வளமான பண்ணை என்பதால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பஞ்சத்திலும் நோயிலும் பிழைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பதவியின் பிற்கால வரலாறு அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் பெருநிலப் பிரபுக்கள் பல பரம்பரைத் தலைமைப் பண்ணைகளை விலைக்கு வாங்கி, தங்கள் சொல் கேட்பவரை அந்த இடத்தில் அமர்த்தினார்கள். பரம்பரைத் தலைவர் ‘லேன்ஷுல்ட்ஸெ’, நியமனத் தலைவர் ‘செட்ஸ்ஷுல்ட்ஸெ’ என்று ஆவணங்கள் பிரித்தே எழுதும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் படித்தால் நிலமும் உரிமையும் உள்ள குடும்பத்தையும், மூன்றாண்டு பதவியில் இருந்துவிட்டுப் போன சிறு குடியானவரையும் ஒன்றாக்கிவிடுவோம். பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களில் பரம்பரைத் தலைமை 1872இன் மாவட்ட ஆட்சிச் சட்டத்தோடு முடிந்தது.

மேற்கும் தெற்கும் வேறு கதை

வெஸ்ட்ஃபேலியாவில் வழங்கும் ஷுல்ட்டெ, ஒலியில் நெருங்கியிருந்தாலும் வேறு வேலையைக் குறித்தது. அங்கே அவர் ஊரை உருவாக்கியவர் அல்லர். மடத்துக்கோ பிரபுவுக்கோ சொந்தமான தலைமைப் பண்ணையை நடத்தி, சுற்றியுள்ள சிறு பண்ணைகளின் கடமையை வாங்கி ஒப்படைத்த மேலாளர் அவர். ஒரே வட்டாரத்தில் பல ஷுல்ட்டெக்கள் இருந்ததால் பண்ணையின் பெயரையும் பின்னால் சேர்த்தார்கள். இன்றும் வெஸ்ட்ஃபேலியாவில் ஷுல்ட்டெ என்றோ ஷுல்ட்ஸெ என்றோ தொடங்கும் இரட்டைப் பெயர்கள் நிறைய உண்டு, அதற்குக் காரணம் இதுதான்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. பண்ணைக்குப் பெண் மட்டும் வாரிசாக இருந்தால், மணந்துவந்த மருமகன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். திருச்சபைப் பதிவேட்டில் பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் நடுவே ‘கெனான்ட்’, அதாவது ‘என்று அழைக்கப்படும்’ என்ற சொல் நிற்கும். ஒரே தகப்பனின் இரண்டு மகன்கள் இரண்டு வெவ்வேறு குடும்பப் பெயரோடு இருப்பது அங்கே இயல்பு.

தெற்கே ஹெஸ்ஸெ, ஃபிராங்கோனியா, ஸ்வாபியா பகுதிகளில் சொல் சுருங்காமல் ஷுல்ட்ஹைஸ் என்று முழுதாக நின்றது. ஸ்வாபியாவில் ஊர்த்தலைவரைப் பேச்சுவழக்கில் இன்றும் ‘ஷுல்டெஸ்’ என்கிறார்கள்.

வடிவத்தை வைத்து வட்டாரம் சொல்வது

பெயர் மாறியதற்கு ஒலிவிதி காரணம். தெற்கு, நடு ஜெர்மனியில் பழைய ‘ட்’ சில இடங்களில் ‘ட்ஸ்’ அல்லது ‘ஸ்’ ஆனது, வடக்கே அப்படியே நின்றது. ஆகவே ஷுல்ட்ஹைஸ், ஷுல்ட்ஸெ ஆகியவை தெற்கு, நடுப்பகுதி வடிவங்கள். ஷுல்ட்டெ, ஷுல்ட் ஆகியவை வட ஜெர்மன் வடிவங்கள். மெக்லென்பர்க், ஹோல்ஸ்டைன் பக்கம் ஷுல்ட் என்று குறுகியதைக் காணலாம். ஆனால் பிராண்டன்பர்க்கின் கிராமங்கள் வடக்குப் பேச்சையே பேசின, அப்படியிருக்க அங்கே ‘ட்ஸ்’ எப்படி வந்தது? 16ஆம் நூற்றாண்டில் அரசு எழுத்தர்களும் திருச்சபையும் தெற்குவழி எழுத்து மொழிக்கு மாறினார்கள். குடியானவர் வாயால் ஷுல்ட்டெ என்று சொன்னதை எழுத்தர் ஷுல்ட்ஸெ என்று ‘திருத்தி’ எழுதினார். ஒரே குடும்பம் ஒரு தலைமுறையில் பெயர் மாறியதுபோல ஏட்டில் தெரிவது இதனால்தான்.

சிலேசியப் பேச்சில் உகரம் ஒகரமாகியது, அதனால் ஷொல்ட்ஸ். இந்தக் கூட்டத்தில் வட்டாரத்தை மிக உறுதியாகச் சொல்லும் வடிவம் இதுதான் என்பேன். கீழ் ரைன் பக்கம் ஷொல்டன், மோசெல் ஆற்றுப்பக்கமும் லக்ஸம்பர்கிலும் ஷொல்டெஸ். ஈற்றில் எகரம் உள்ள ஷுல்ட்ஸெ சாக்சனி-அன்ஹால்ட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் அடர்த்தி. எகரம் உதிர்ந்த ஷுல்ட்ஸ் அதற்கு வடகிழக்கே அடர்த்தி.

அண்டை மொழிகளும் பதவியோடு சொல்லையும் எடுத்துக்கொண்டன. போலந்தில் ஊர்த்தலைவர் இன்றும் சட்டப்படி ‘சொவ்திஸ்’ என்றே அழைக்கப்படுகிறார். அதிலிருந்து பிறந்த போலந்துக் குடும்பப் பெயர்கள் பல உண்டு. அவை மேல் சிலேசியாவில் ஜெர்மன் எழுத்துமுறையில் ‘ஷொல்டிசெக்’ என்று திரும்பி வந்தன. ஹங்கேரியில் ஷொல்தேஸ், செக்கில் ஷுல்ட்ஸ், ஷொல்ட்ஸ், சோர்பிய மொழியில் ஷொவ்தா. ஆகவே ஷொல்டிசெக் என்ற பெயர் உள்ளவர் போலந்துக்காரரா ஜெர்மானியரா என்று பெயரை வைத்து வாதிடுவதில் பயனில்லை.

படித்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் பெயரை லத்தீனாக்கியபோது ஷுல்ட்ஸ் இரண்டாகப் பிரிந்தது. ஒலியைத் தழுவி ‘ஸ்குல்டேட்டஸ்’, பொருளைத் தழுவி ‘ப்ரேட்டோரியஸ்’. கெர்லிட்ஸ் நகரின் தலைவரும் வானியலாளருமான பார்த்தொலொமேயஸ் ஸ்குல்டேட்டஸ் (1540–1614) முதல் வகை. இசையமைப்பாளர் மிக்கேல் ப்ரேட்டோரியஸ் (1571–1621) இரண்டாம் வகை, அவருடைய தந்தையின் பெயர் ஷுல்டைஸ்.

பெயர் உறைந்ததும் ஊர் விட்டதும்

எழுத்துக்கூட்டல் மாறாமல் நிலைத்தது மிகவும் பிந்தி. பிரஷ்யாவில் 1822இல் அரசாணை ஒன்று அனுமதியில்லாமல் குடும்பப் பெயரை மாற்றுவதைத் தடுத்தது. 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு அலுவலகங்கள் வந்தன. அன்றைய பதிவாளர் ‘டீ’ (t) எழுத்தைச் சேர்த்து Schultz என்று எழுதினாரா, விட்டு Schulz என்று எழுதினாரா என்பதே அதன்பின் அந்தக் குடும்பத்தின் பெயர். அண்ணன் வழி ஒரு எழுத்து, தம்பி வழி வேறு எழுத்து என்று பிரிந்தவர்கள் ஏராளம். இன்று எழுத்தை வைத்து ‘நாங்கள் வேறு ஷுல்ட்ஸ்’ என்று சொல்வது 1876க்கு முந்தைய காலத்துக்குப் பொருந்தாது.

கடல் கடந்த பரவலில் சில அலைகளைத் தெளிவாகச் சொல்லலாம். சிலேசியாவில் சமய ஒடுக்குமுறைக்கு ஆளான ஷ்வெங்ஃபெல்டர் பிரிவினர் 1734இல் பிலடெல்பியாவில் இறங்கினார்கள், அவர்களில் ஷுல்ட்ஸ் குடும்பங்களும் இருந்தன. பேரரசி கேத்தரின் 1763இல் விடுத்த அழைப்பை ஏற்று ரஷ்யா சென்ற ஜெர்மன் குடிகள் பெயரோடு பதவியையும் கொண்டுபோனார்கள். கருங்கடல் பக்கத்தில் மென்னொனைட் என்ற கிறித்தவப் பிரிவினரின் ஊர்களில் ஊர்த்தலைவர் ஷுல்ட்ஸெ, பல ஊர்களுக்குத் தலைவர் ‘ஓபர்ஷுல்ட்ஸெ’. அவர்களின் வழித்தோன்றல்கள் பராகுவேயில் நடத்தும் குடியிருப்புகளில் ஓபர்ஷுல்ட்ஸெ என்ற பட்டம் இன்றும் வழக்கில் இருக்கிறது. 1838 முதல் பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போன பழைய லூத்தரன் குடிகளாலும் இந்தப் பெயர் அங்கே ஊன்றியது. சார்ல்ஸ் ஷுல்ட்ஸின் தந்தை பிறந்தது ஷ்டெண்டால் நகரில். இந்தப் பெயர் அடர்ந்த சாக்சனி-அன்ஹால்ட்டின் வடபகுதி அது.

பெயர் அடர்ந்த இந்தக் கிழக்கு ஜெர்மன் பகுதியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஒருவரும் உண்டு. பிராண்டன்பர்க்கின் நொய்மார்க் பகுதியில் சொனென்புர்க்கில் 1689இல் பிறந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸெ, 1719இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தரங்கம்பாடியின் முதல் ஜெர்மன் சமயப்பணியாளர்களில் ஒருவரான சீகன்பால்க் விட்டுச்சென்ற தமிழ்ப் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்து அச்சேற்றியவர் அவர். பின்னர் சென்னைக்குப் பெயர்ந்து தெலுங்கு இலக்கணமும் எழுதினார். அவர் பிறந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

இன்னொரு தொடர்பு கூட்டுறவு வழியாக. கடன் சங்க முன்னோடி ஹெர்மன் ஷுல்ட்ஸெ 1808இல் டெலிட்ஷ் நகரில் பிறந்தவர். 1848இன் பிரஷ்ய தேசிய சபையில் ஷுல்ட்ஸெ என்று பலர் இருந்ததால் ஊர்ப்பெயரும் ஒட்டி ஷுல்ட்ஸெ-டெலிட்ஷ் ஆனார். சென்னை மாகாணத்துக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1890களில் எழுதிய அறிக்கை ஜெர்மனியின் இன்னொரு கடன் சங்க முன்னோடியான ரைஃபைசனின் முறையோடு இவருடைய முறையையும் ஆராய்ந்தது. 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றில் அந்த அறிக்கையும் ஒன்று.

கடைசிப் பெரிய இடப்பெயர்ச்சி 1945. ஓடர், நைஸெ ஆறுகளுக்குக் கிழக்கிலிருந்தும் பிற கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 1.2 கோடி ஜெர்மானியர் தப்பியோடினார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். பவேரியாவிலும் ரூர் தொழில்நகரங்களிலும் இன்று ஷொல்ட்ஸ் என்ற பெயர் பரவலாக இருப்பதற்கு இது முதன்மைக் காரணம். இணையத்தில் கிடைக்கும் பெயர்ப்பரவல் வரைபடங்கள் பெரும்பாலும் அண்மைக்காலத் தொலைபேசிப் பட்டியலிலிருந்து செய்தவை. அவை 1945க்குப் பிறகு மக்கள் போய்ச்சேர்ந்த இடத்தைக் காட்டும், பெயர் பிறந்த இடத்தை அல்ல. அதற்கு முந்தைய பரவலைப் பார்க்க முதல் உலகப்போர்க்கால ஜெர்மன் படையின் இழப்புப் பட்டியல்கள் உதவும். 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன, பலவற்றில் ஊர்ப்பெயரும் இருக்கிறது.

தேடும்போது சறுக்கும் இடங்கள்

ஷுல்ட்ஸ் மூதாதையைத் தேடுபவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் நூறு தவறான குடும்பங்களில் மாட்டிக்கொள்வார். முதலில் கண்டுபிடிக்கவேண்டியது ஊர். கப்பல் பட்டியல், குடியுரிமை விண்ணப்பம், கல்லறை வாசகம், எது ஊர்ப்பெயரைத் தருகிறதோ அதுவே தொடக்கம். ஊர் கிடைத்ததும் அந்த ஊரின் திருச்சபைப் பதிவேட்டில் ஷுல்ட்ஸ் என்ற எல்லாரையும், எல்லா எழுத்துக்கூட்டலிலும், பண்ணை வாரியாகப் பிரித்து எழுதவேண்டும். திருமுழுக்குப் பதிவில் வரும் ஞானப்பெற்றோர் பெயர்களை விடாமல் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே பெயருள்ள இரண்டு தகப்பன்மாரைப் பிரித்தறிய அதைவிட நல்ல கருவி இல்லை.

பெண்களின் பெயரோடு ‘இன்’ என்ற ஈறு சேரும். ‘ஷுல்ட்ஸின்’, ‘ஷொல்ட்ஸின்’ என்று 18ஆம் நூற்றாண்டு ஏடுகளில் வருவது தனிக் குடும்பப் பெயர் அல்ல. அட்டவணை தயாரித்தவர் இதை அறியாமல் அப்படியே ஏற்றியிருந்தால், பெண்கள் பாதிப்பேர் தேடலில் காணாமல் போவார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் உகரத்துக்கு மேல் சிறு வளைகோடு போடுவது வழக்கம். அதை இரட்டைப் புள்ளியாக எண்ணி, நடுவிலுள்ள ‘எல்’ எழுத்தையும் தவறவிட்டால் ‘ஷுல்ட்ஸ்’ என்பது ‘ஷ்யூட்ஸ்’ ஆகிவிடும். அது காவலரையோ வில்லாளியையோ குறிக்கும் வேறு பெயர். ‘ஷூல்மான்’ போன்றவையும் பள்ளியையோ யூதத் தொழுகைக்கூடத்தையோ குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவை, ஷுல்ட்ஸோடு தொடர்பில்லை.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நடக்கும் பிழை, பதவியைப் பெயராகப் படிப்பது. லத்தீன் ஏட்டில் ‘யோஹன்னெஸ் ஸ்குல்டேட்டஸ்’ என்றிருந்தால் அவர் பெயர் ஷுல்ட்ஸா, ஊர்த்தலைவரான யோஹன்னெஸா என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஜெர்மன் ஏட்டில் ‘தெர்’ என்ற சுட்டு முன்னால் வந்தால் பெரும்பாலும் பதவி. உறுதிப்படுத்த ஒரே வழி அடுத்த தலைமுறையைப் பார்ப்பது. தலைமைப் பண்ணையில் இல்லாத மகனும் பேரனும் அதே பெயரோடு வரியேட்டிலோ நீதிமன்ற ஏட்டிலோ வந்தால்தான் அது குடும்பப் பெயர். அந்த ஏடுகள் பிரஷ்யப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் பொட்ஸ்டாம், பெர்லின் ஆவணக் காப்பகங்களிலும், சிலேசியாவுக்கு வ்ரொட்ஸ்வாஃப் ஆவணக் காப்பகத்திலும் தேடவேண்டியவை. ஊரின் பழைய ஜெர்மன் பெயரையும் இன்றைய போலந்துப் பெயரையும் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் பதில் விரைவில் வரும்.